ஒருவர் கேட்டேன் என்கிறார், நால்வர் கேட்கவில்லை என்கிறார்கள்: இனப் பாகுபாட்டுப் புகாரில் யார் சொல் எடுபடும்?

துலாக்கோல்:
பணியிட விசாரணையில் வரக்கூடிய ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மேற்பார்வையாளர் "உங்க இனத்துக்கே இது விளங்காது" என்று சொன்னதாகப் புகார். அருகில் ஐந்து பேர். ஒருவர் கேட்டேன் என்கிறார். அவர் புகார்தாரரின் நண்பர், தேதியையும் மாற்றிச் சொல்கிறார். நால்வர் கேட்கவில்லை என்கிறார்கள். மேற்பார்வையாளர் பதறாமல் மறுக்கிறார். என்னைக் கேட்டால், புகார் நிற்காது.

குறுக்குக்கேள்வி:
தலை எண்ணி முடிவு சொல்வதற்கு விசாரணை எதற்கு? "கேட்கவில்லை" என்றால் "அவர் சொல்லவில்லை" என்று ஆகிவிடாது. எங்கே நின்றீர்கள், எவ்வளவு தூரம், இயந்திரம் ஓடியதா, காதில் ஒலித்தடுப்பான் இருந்ததா, அந்த நேரத்தில் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்? நால்வரையும் தனித்தனியாக இப்படிக் கேட்காமல் வாங்கிய வாக்குமூலம் வெறும் காகிதம். நண்பர் என்பதற்காக ஒருவரைச் சந்தேகிக்கிறீர்கள். மற்ற நால்வரின் ஓவர்டைமும் விடுப்பும் யார் கையில்? அதையும் எடைபோடுங்கள்.

"பதறாமல்" என்பதை விட்டுவிடுங்கள். உளவியலாளர்கள் பாண்ட், டிபாலோ இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், ஆளைப் பார்த்துப் பொய்யா மெய்யா என்று கணித்தவர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம். பொய்களில் பொய் என்று அடையாளம் கண்டது 47 சதவீதம்தான்.

துலாக்கோல்:
அது பயிற்சியோ துணைச்சான்றோ இல்லாமல் கணித்தவர்களின் கணக்கு. அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1999-இல் தந்து, 2024-இல் புதியது வரும்வரை நடப்பில் இருந்த வழிகாட்டல் ஐந்து அம்சங்களைச் சொன்னது: சொல்வது நடக்கக்கூடியதா, சாட்சியின் தோரணை, பொய் சொல்லக் காரணம், ஒத்துவரும் சான்று, கடந்தகாலப் பதிவு. தோரணையும் அதில் இருந்தது.

கோப்புக்கட்டு:
இருந்தது, ஆனால் எதுவும் தனியாக முடிவைத் தீர்மானிக்காது என்றும் அதே வழிகாட்டல் சொன்னது. நேரில் பார்த்தவர் இல்லை என்பதாலேயே புகார் விழுந்துவிடாது என்றும் இருந்தது. (முன்பு அப்படி நடந்துகொண்டவர் இம்முறையும் அப்படித்தான் நடந்திருப்பார் என்று சொல்லிவிட முடியாது என்றும் இருந்தது. அது துலாக்கோலுக்குச் சாதகம்.) கனடாவில் இன்றும் எடுத்தாளப்படும் ஃபரைனா எதிர் சோர்னி தீர்ப்பு 1951-இலேயே தோரணையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது: விவரம் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில், அந்தச் சூழலில் நடந்திருக்கக்கூடியது என்று ஏற்பாரா என்பதே அதன் அளவுகோல்.

தேதிக் குழப்பத்துக்கு ஷிஃப்ட் அட்டவணையைப் பாருங்கள். புகார்தாரரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து வேலை செய்த நாள் அந்த வாரத்தில் ஒன்றே என்றால் குழப்பம் அங்கேயே தீரும். ஓரத்து விவரம் பிசகுவது இயல்பு. யார், என்ன, யாரிடம் என்பது மாறினால்தான் கவலை. எனக்கு உறுத்துவது வேறு. நண்பரின் வாக்குமூலமும் புகாரும் ஒரே வாக்கியங்களில் இருக்கின்றனவா? இருந்தால், யார் முதலில் எழுதியது என்று கேட்க வேண்டும். அன்றிரவே யாருக்காவது செய்தி அனுப்பியிருந்தால், ஸ்கிரீன்ஷாட் போதாது. கைபேசியிலேயே திறந்து நேரத்தைப் பாருங்கள். சொன்னதாகக் கூறப்படும் வாக்கியத்தை, சொன்ன மொழியிலேயே பதியுங்கள்.

துலாக்கோல்:
ஒருவர் வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு. அதற்கேற்பச் சான்றும் கனமாக இருக்க வேண்டாமா?

குறுக்குக்கேள்வி:
வேண்டாம். கனடா உச்ச நீதிமன்றம் 2008-இல் எஃப்.எச். எதிர் மெக்டூகல் வழக்கில் முடித்துவைத்தது: உரிமையியல் (குற்றவியல் அல்லாத) விவகாரத்தில் அளவுகோல் ஒன்றே, நடந்திருக்க வாய்ப்பு அதிகமா இல்லையா.

துலாக்கோல்:
சான்று தெளிவாகவும் நம்பவைப்பதாகவும் இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் உண்டு. பாதியை விழுங்காதீர்கள். இங்கே அந்தத் தெளிவு இல்லை.

கோப்புக்கட்டு:
அட்டவணையையும் கைபேசியையும் பார்க்காமல் "இல்லை" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பார்த்தபிறகும் சான்று அந்த அளவை எட்டவில்லை என்றால் "நிறுவப்படவில்லை" என்று எழுதுங்கள், "பொய்ப்புகார்" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு சாட்சியின் பேச்சில் ஒரு பகுதியை ஏற்று இன்னொன்றைத் தள்ளலாம். அந்த வாக்கியம் நிற்காவிட்டாலும், ஓவர்டைம் மறுக்கப்பட்டது என்று புகாரில் இருந்தால் அதைத் தனியாக, ஊதியப் பதிவேட்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.