புக்கெட், பாலி, கொழும்பு: பயந்தது ஒன்று, வந்தது வேறு. உங்கள் அனுபவம்?

கரைக்கிளி

2025 ஜூலை கடைசி. தாய்லாந்து கம்போடியா எல்லையில் சண்டை மூண்டு டிவி முழுக்க அதுதான் ஓடிக்கொண்டிருந்தது, உங்களுக்கே ஞாபகம் இருக்கும். எங்களுக்கு புக்கெட் டிக்கெட் போட்டாச்சு. குடும்ப வாட்ஸப் குரூப்பில் பெரியப்பா தொடங்கி நாத்தனார் வரைக்கும் "கேன்சல் பண்ணு, கேன்சல் பண்ணு" என்று ஒரே பாட்டு. என் வீட்டுக்காரர் மேப்பைத் திறந்து, சுரின், சிசாகெட், உபோன் எல்லாம் கம்போடியாவை ஒட்டி இருக்கு, புக்கெட் தென்மேற்கில் கடலோரம், நடுவில் கிட்டத்தட்ட சென்னை மும்பை தூரம் என்று காட்டினார். போகாதீர்கள் என்று தூதரகம் சொன்ன மாகாணங்களிலும் புக்கெட் இல்லை. கிளம்பிவிட்டோம்.

ஃப்ளைட்டில் பக்கத்து சீட்டில் சேலத்துக் குடும்பம், கூட ஒரு பெண் குழந்தை. அந்த மனிதருக்கு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. "குண்டு கிண்டு போட்ருவானுங்களா சிஸ்டர்?" என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தார்.

அவர்களையே பிறகு கரோன் கடற்கரையில் பார்த்தேன். கரை நெடுக சிவப்புக் கொடி. இவர் முட்டியளவு தண்ணீரில், குழந்தை தோளில், கையில் செல்ஃபி ஸ்டிக். லைஃப்கார்ட் விசில் ஊதிக்கொண்டே ஓடி வருகிறார், இவர் சிரித்துக்கொண்டு கையாட்டுகிறார். அலை வந்து அடிக்கவெல்லாம் இல்லை. திரும்பிப் போகிற தண்ணீர் காலடி மணலை உருவிக்கொண்டு போனது. பொத்தென்று உட்கார்ந்தார், அப்புறம் தலை மட்டும்தான் தெரிந்தது. குழந்தையின் கவுனை ஒரு வெள்ளைக்காரம்மா எட்டிப் பிடித்துவிட்டார். அவரை லைஃப்கார்ட் பலகையோடு நீந்திப் போய் இழுத்து வந்தார். அவர் மனைவி கத்தவே இல்லை. கரையில் நின்றபடி கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அந்தக் கை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிப்பு. குரூப்பில் அத்தனை பேர் பேசினோமே, "எந்த மாசம் போறீங்க" என்று ஒருத்தர் கேட்கவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது?


மூணாவது கியர்

கடலை விடுங்க அக்கா. தாய்லாந்துல ஆபத்துன்னா ஸ்கூட்டர்தான்.

என் தம்பியோட ஆபீஸ் பசங்க கூட்டம், நானும் ஒட்டிக்கிட்டேன். அதுல ஒருத்தன் எந்த மாடல் விமானம்னு பார்த்துப் பார்த்து டிக்கெட் போட்டவன். ஒரு மாடல் வேணவே வேணாம்னு ரெண்டாயிரம் ரூபா கூடக் கொடுத்து வேற ஃப்ளைட் எடுத்தான். அவன்தான் புக்கெட்ல படோங் மலை இறக்கத்துல மழையில ஸ்கூட்டரோட சறுக்கி தொடை எலும்பை முறிச்சுக்கிட்டான்.

ஆஸ்பத்திரி பில் கவுன்டர்ல இருந்த பொண்ணு ஒரு வார்த்தை பேசல, கால்குலேட்டரை எங்க பக்கம் திருப்பி வச்சா. நாங்க தைரியமா இன்சூரன்ஸுக்கு போன் அடிச்சோம். "இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருக்கா?" "இருக்கு சார்!" போட்டோ எடுத்து அனுப்பினோம். கொஞ்ச நேரத்துல கூப்பிட்டு, "சார், இதுல கார் கட்டத்துல மட்டும்தான் முத்திரை இருக்கு, டூவீலர் கட்டம் காலியா இருக்கே"ன்னான். பையன்கிட்ட ஊர்லயே கார் லைசென்ஸ் மட்டும்தான். காலேஜ் காலத்துல இருந்து பைக் ஓட்டுறான், எந்தப் போலீசும் கேட்டதில்ல. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே "காலி கட்டமா? காலி கட்டமா?"ன்னு கேட்டுட்டு இருந்தான். பணம் ஊர்ல நிலத்தை அடகு வச்சு வந்துச்சு.


வளைவு ராஜா

மேலே உள்ளவருக்கு: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு தாய்லாந்து என்ன செய்யும்? நான் சியாங் மாயில் பைக் எடுத்து, வட தாய்லாந்தின் மலைப்பாதையான மே ஹாங் சன் சுற்று முழுக்க ஓட்டியவன். 1,864 வளைவு என்று சர்டிஃபிகேட்டே தருவார்கள். ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு கீறல் இல்லாமல் வந்தேன். ஹெல்மெட், லைசென்ஸ், பெர்மிட் மூன்றும் இருந்தால் சென்னை ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டுவதைவிட அது பத்திரம். ஒருத்தன் விழுந்தான் என்று நாட்டையே ஆபத்து என்று எழுதுவதால்தான் பாதிப் பேர் வெளியே கிளம்புவதே இல்லை.


மூணாவது கியர்

ராஜா சார், நீங்க விழாம வந்தது உங்க கதை. சாலை விபத்துல பைக்காரங்க சாகிற விகிதத்துல உலகத்துலயே முன்வரிசையில இருக்கிற நாடு அது. சர்டிஃபிகேட் திரும்பி வந்தவனுக்கு மட்டும்தான் தருவாங்க.


கல்லடிப் பாலம்

நான் லண்டனில இருக்கிறன், அம்மா மட்டக்களப்பு. 2019 மே மாதம் அம்மாவைப் பார்க்க டிக்கெட் எடுத்து வச்சிருக்க, ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அண்டு குண்டுகள் வெடிச்சுது. குண்டு வெடிச்ச சீயோன் தேவாலயம் எங்கட வீட்டில இருந்து நடந்து போற தூரம். நாலைஞ்சு நாளில பிரிட்டிஷ் அரசு, அத்தியாவசியம் எண்டால் ஒழிய இலங்கைக்குப் போகாதேங்கோ எண்டு அறிவிச்சிட்டுது. ஜூன் மாதம்தான் அதை எடுத்தவை. அந்த அறிவித்தல் இருக்கேக்க போனால் பயணக் காப்புறுதி செல்லாது, இங்க பெரும்பாலான கொம்பனியளின்ர விதி அதுதான். அம்மா தனிய இருக்கிறா, அறிவித்தலைப் பார்த்துக்கொண்டு இருக்கேலுமே? போனன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில சனமே இல்லை. வீட்டில நிண்ட நாள் முழுக்க "கோயில் பக்கம் போகாத, சந்தைப் பக்கம் போகாத, பஸ்ஸில ஏறாத." சரி எண்டு வளவுக்குள்ளேயே நிண்டன். பின்னேரம் கிணத்தடியில பாசி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு போச்சு.

பிளாஸ்டர் போடேக்க அம்மா பக்கத்தில இருந்து அழுறா: "உலகத்தில உள்ள எல்லாத்தையும் சொன்னன், கிணத்தடியைச் சொல்ல மறந்திட்டனே!" எனக்கு நோவிலயும் சிரிப்பு. காசு என்ர பொக்கற்றில இருந்துதான் போனது. அறிவித்தல் குண்டுக்காகப் போட்டது, ஆனா காப்புறுதிக்காரருக்குக் குண்டும் கிணத்தடியும் ஒண்டுதான்.


பென்ஷன் பயணி

எல்லாரும் தாய்லாந்தையே சுற்றி வருகிறீர்கள். நானும் மனைவியும் கென்யா போய் மசாய் மாரா பார்த்து வந்தோம். சிங்கம், நைரோபியில் வழிப்பறி என்று மகன் ஆயிரம் பயம் காட்டினான். திரும்பி வந்து இறங்கியபோது எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக் கார்டு இல்லை. தனியாக அழைத்துப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேரன் கையாட்டிக்கொண்டிருந்தான், இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எனவே இளைஞர்களுக்குச் சில விஷயங்கள். கென்யா, எத்தியோப்பியா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் இந்த ஊசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பத்தாம் நாளில் இருந்துதான் கார்டு செல்லுபடி ஆகும். கார்டு இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்தக் கிழமை, எந்த நேரம் என்று விசாரித்துவிட்டுப் போங்கள், நேரே போய் நின்றால் ஆகாது. கார்டில் பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும், 2016 முதல் அப்படித்தான், பத்து வருடத்துக்கு ஒருமுறை என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதல்முறை போடுவதானால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், எனக்கே ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். மலேரியா மாத்திரை வேறு விஷயம், அது போவதற்கு முன்பே தொடங்கி வந்த பிறகும் தொடர வேண்டும், ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பாஸ்போர்ட் நகலை இரண்டு இடத்தில் வையுங்கள். வாடகைக் கடையில் அசல் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலம் பேசுவார்கள். மாற்றுச் செருப்பு எடுத்துப் போங்கள்.


சும்மா ஒரு ஆளு

ஐயா, ஈ.சி.ஜி. வரைக்கும் சரி. மாற்றுச் செருப்பு எதுக்கு?


பென்ஷன் பயணி

போய்ப் பாருங்கள், தெரியும்.


தனியாப் போறவ

பொண்ணு தனியா லாவோஸா என்று கேட்காத ஆள் இல்லை. எவனாவது தூக்கிட்டுப் போய்டுவான், ராத்திரி பஸ்ஸில் ஏறாதே, ரூம் கதவுக்கு முட்டுக் கொடு. வாங் வியெங்கில் நான் தங்கின இடத்தில் எல்லாரும் தங்கமான மனுஷங்க. சாயங்காலம் ஒரு ட்ரேயில் சின்னச் சின்ன கிளாஸ் வந்தது, இலவசம். எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை. பக்கத்துக் கட்டில் பொண்ணு ஐரோப்பாக்காரி, "உன்னோடதையும் நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். தள்ளி வைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகலை, மறுநாள் ஆற்றில் ட்யூபில் மிதந்துட்டு வந்தாள். இது 2023.

அடுத்த வருஷம் நவம்பரில் அதே ஊரில், இதே மாதிரி மெத்தனால் கலந்த சாராயத்தில் வெளிநாட்டுக்காரங்க ஆறு பேர் செத்தார்கள். நியூஸில் அந்தத் தெருவைப் பார்த்ததும் அவள் கேட்டதுதான் காதில் ஓடியது. நான் இல்லை என்றா சொன்னேன்? வாய் திறக்காம அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

அதே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் உயிரைக் கொண்டுபோனதும் இதே மெத்தனால்தான். வாசனையில் தெரியாது, ருசியில் தெரியாது. பல மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல். ஹேங்ஓவர் என்று நினைத்துப் படுத்துடுவாங்க. கண் மங்கினாலே ஆஸ்பத்திரி ஓடணும், மாற்று மருந்து இருக்கு, நேரத்துக்குப் போனால் பிழைக்கலாம். பாலி, லொம்போக் பக்கம் அராக் என்கிற உள்ளூர் சாராய விஷயத்திலும் இதே கதை நடந்திருக்கு.


செட்டிநாட்டுக்காரன்

பாங்காக் ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் வரிசையில் ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும். சிவகங்கைப் பக்கம், நம்ம பேச்சு. டூரா தம்பி என்றேன். "டூர்னுதான் சொல்லச் சொன்னாங்கண்ணே, டேட்டா என்ட்ரி வேலை." எங்கே? கார் வந்து மே சோட் கூட்டிப் போகுமாம். எனக்குத் திக்கென்றது. மே சோட்டுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியான்மர், மியாவடி. 2022இல் நம்ம பிள்ளைகளை ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்து வைத்து, அரசாங்கம் மீட்டுக் கொண்டுவந்ததே, அந்த இடம். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்துட்டோமேண்ணே?"

அவன் கவுன்டர் முதலில் காலியானது. நான் வெளியே வந்தபோது ஆளைக் காணோம்.


வளைவு ராஜா

வருத்தமான விஷயம்தான். ஆனால் இது வேலை மோசடி, டூர் இல்லையே. தலைப்பு வேறு.


செட்டிநாட்டுக்காரன்

டூர் என்று சொல்லித்தானே இமிக்ரேஷன் தாண்ட வைக்கிறார்கள்? 2023இல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனபிறகு அவர்களுக்கு இன்னும் சுலபமாகிவிட்டது. மே சோட்டுக்கு டூர் போகிறேன் என்று உங்கள் வீட்டுப் பையன் சொன்னால் தலைப்பு பார்த்துக்கொண்டு இருப்பீர்களா?


பினாங்கு மாமா

முதல்ல எழுதின தங்கச்சிக்கு. புக்கெட் போறதா இருந்தா நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் போங்க, அந்தமான் கடல் பக்கம் அப்பதான் அடங்கியிருக்கும். ஜூலையிலதான் லீவுன்னா கிழக்குப் பக்கம் சமுய், பங்கான் தீவுங்களைப் பாருங்க, அங்க பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர். ஆனா ஜூலையில கடல் அமைதியா இருக்குன்னு அங்க அப்படியே இறங்கிடாதீங்க. பெட்டி ஜெல்லிமீன் உண்டு, தண்ணிக்குள்ள கண்ணுக்கே தெரியாது, பிள்ளைங்களுக்கு முழுக்கை நீச்சல் உடுப்பு போடுங்க. கரையில அங்கங்க கம்பத்துல வினிகர் பாட்டில் இருக்கும். கொட்டினா தேய்க்காம, நல்ல தண்ணி ஊத்தாம, அதைத்தான் ஊத்தணும். போன தடவை எங்க குரூப்ல ஒருத்தர் அது சாப்பாட்டுக் கடைக்காரனோடதுன்னு நினைச்சு தூக்கிட்டுப் போய்க் கடையிலயே கொடுத்துட்டாரு, மறுபடி போய்க் கேட்டு வாங்கிட்டு வந்து மாட்டினோம்.