தி.நகர் சாலையோர பார்க்கிங்: காருக்கு 40 ரூபாய் ஆக்கினால் அந்தப் பணம் தெருவுக்கு வருமா?

நடைபாதைக்காரன்:
சென்னை மாநகராட்சி சாலையோரத்தில் கார் நிறுத்த வைத்திருந்த கட்டணம் மணிக்கு 20 ரூபாய், டூ வீலருக்கு 5. ஏற்றலாமா என்று மன்றத்தில் பேச்செடுத்தாலே "நடுத்தர மக்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று கிளம்பிவிடுவார்கள். டேப் பிடித்துப் பார்ப்போம். ஒரு கார் இடம் 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். டூ வீலருக்குச் சாலையோடு 1 மீட்டர், குறுக்கே 1.8 மீட்டர். ஒரு கார் நிற்கும் 5 மீட்டரில் ஐந்து டூ வீலர் நிற்கும். அவை மணிக்குத் தருவது 25 ரூபாய், கார் தருவது 20. போதாததற்கு டூ வீலர் வரிசை சாலைப் பக்கம் 70 சென்டிமீட்டரை மிச்சமும் வைக்கிறது. ஆக, ஸ்கூட்டரில் வருகிறவர்தான் காரில் வருகிறவரைவிட அதிக வாடகை கட்டுகிறார்! காருக்கு 40 ஆக்குங்கள், டூ வீலரைத் தொடாதீர்கள். வசூலில் பாதியை அந்தந்த வார்டின் கழிப்பறை, தெருவிளக்கு, நடைபாதைக்கு ஒதுக்குங்கள். இதுதான் என் கட்சி.

கடைவாசல்:
கணக்கு நல்லாத்தான் இருக்கு. 40 ஆக்கினா கார் எங்க போகும்னு யோசிச்சீங்களா? கட்டணம் இருக்கிறது அறிவிச்ச சாலைகள்ல மட்டும். ஒரு திருப்பம் தாண்டினா உள் தெரு, அங்க இலவசம். தி.நகர் கடைத்தெருவான பாண்டி பஜார்ல ஏத்தினா வெங்கட்நாராயணா சாலைக்குப் பின்னாடி இருக்கிற வீட்டு வாசல் எல்லாம் பார்க்கிங் ஆகிடும். வாசலை மறிச்சு நிறுத்தினா அபராதம் போடுறது போக்குவரத்து போலீஸ். முதல் தடவை 500, அடுத்த தடவை 1500. அந்தப் பணம் மாநில அரசுக் கணக்குக்குப் போகும், மாநகராட்சிக்கு ஒரு பைசா கிடையாது. அப்புறம் வார்டு எங்கேர்ந்து கழிப்பறை கட்டும்?

நடைபாதைக்காரன்:
உள் தெரு விஷயம் நியாயம். அதற்குக் கட்டணம் மட்டும் போதாது, அந்தத் தெருக்காரர்களுக்கு அனுமதி ஸ்டிக்கரும் சேர்ந்தே வரவேண்டும். ஆனால் பாண்டி பஜாரில் மாற்று இடம் இருக்கிறதே? பல அடுக்கு நிறுத்தம், 222 கார், 513 டூ வீலர். சாலையிலும் 20, மாடியிலும் 20 என்றால் யார் மாடிக்குப் போவார்? கடை வாசலில் இடம் தேடி மூன்று சுற்று சுற்றத்தான் செய்வார்கள். சாலை விலை மாடியைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

கடைவாசல்:
சார், விலை மட்டும் காரணம் இல்ல. எந்திரத்துல ஏத்தி இறக்குற பார்க்கிங்ல ஒரு லிஃப்ட் ஒரு காரை இறக்க 3 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. மணிக்கு 20 கார்தான். ராத்திரி ஒன்பதுக்குக் கடை சாத்துற நேரம் நாற்பது பேர் டோக்கனோட நின்னா கடைசி ஆளுக்கு ரெண்டு மணி நேரம். லிஃப்ட் நாலு இருந்தா அரை மணி. புடவைப் பையும் தூங்குற குழந்தையுமா அரை மணி நின்னவங்க அடுத்த தடவை மாடிப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க. முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

ரசீது எங்கே:
ரெண்டு பேரும் மெயின் ஓட்டையை விட்டுட்டுப் பேசுறீங்க. உதாரணத்துக்கு 100 கார் இடம், 12 மணி நேரம், 60 சதவீதம் நிரம்புதுன்னு போடுங்க. 720 கார்-மணி, 20 ரூபாய் வீதம் நாளைக்கு 14,400. இது கையில வர வேண்டிய தொகை. ரசீதுல 6,000 வந்தா மீதி 8,400 எங்கே? 40 ஆக்கினா ஓட்டை பெருசாகும். வசூல் பண்றவர் "ரசீது வேணாம்னா 30 குடுங்க சார்"னு கேட்பார். ஓட்டுநருக்கு 10 லாபம், வசூலிக்கிறவருக்கு 30 லாபம், மாநகராட்சிக்கு முட்டை.

குத்தகை முறைதான் இதுக்கு வேர். ஏலத்துல மொத்தத் தொகை கட்டி எடுத்தவர் கோடுக்கு வெளியேயும், நோ பார்க்கிங் பலகைக்கு அடியிலேயும் வண்டியை நிறுத்த விடுவார். கூடுதல் வண்டி எல்லாம் அவர் பைக்கு. மாறா, இடத்துக்கு இவ்வளவுன்னு நிர்வாகக் கூலி மட்டும் கொடுத்து, வசூல் முழுசும் க்யூஆர் வழியா நேரா மாநகராட்சிக் கணக்குக்குப் போகணும். மாசம் ஒருநாள், சொல்லாம ஒரு சோதனை: மணிக்கு ஒருதரம் நடந்து, நிக்கிற வண்டி நம்பரோட கடைசி நாலு இலக்கத்தைக் குறிச்சு, ரசீது போடுற கையடக்க மெஷின் பதிவோட ஒப்பிடணும். ரசீது இல்லாத வண்டி பத்துல ஒண்ணைத் தாண்டினா அந்த மாசக் கூலில பிடித்தம். அவ்வளவுதான்.

நடைபாதைக்காரன்:
ஒப்புக்கொள்கிறேன். தனியாருக்கு நீண்டகாலம் தூக்கிக் கொடுப்பது இன்னும் ஆபத்து. சிகாகோ 2008இல் சாலையோரம் நிறுத்தக் காசு வாங்கும் தன் பார்க்கிங் மீட்டர்களை 75 வருடத்துக்கு 115 கோடி டாலர் சொச்சத்துக்குக் குத்தகை விட்டது. இன்று திருவிழாவுக்குத் தெருவை அடைத்தால்கூட நகரம்தான் நிறுவனத்துக்கு இழப்பீடு தரவேண்டும். எதிர் உதாரணமும் உண்டு. கலிபோர்னியாவின் பழைய பாசடேனாவில் 1993இல் மணிக்கு 1 டாலர் மீட்டர் வைத்தபோது கடைக்காரர்கள்தான் முதலில் எதிர்த்தார்கள். வசூல் அந்தப் பகுதி நடைபாதைக்கும் விளக்குக்கும் மட்டுமே என்று உறுதியானதும் ஏற்றுக்கொண்டார்கள்.

கடைவாசல்:
அங்க உறுதி கொடுத்தா கணக்குல தெரியும். இங்க பார்க்கிங் வசூல் பொது நிதியில கலந்துட்டா எந்த வார்டு ரூபாய் எந்தச் சம்பளத்துக்குப் போச்சுன்னு பிரம்மாவுக்கும் தெரியாது.

ரசீது எங்கே:
அதனாலதான் கட்டணத்தை ஏத்துற மாநகராட்சித் தீர்மானத்துலேயே தனிக் கணக்குத் தலைப்பு வேணும்னு சொல்றேன். நகராட்சிகளோட பொறுப்புகளைப் பட்டியல் போடுற, அரசியலமைப்போட 12ஆம் அட்டவணையில 17ஆம் இனம் பாருங்க: தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் ஒரே வரியில இருக்கு. இங்க வாங்கி அங்க செலவு பண்றது ஒண்ணும் விபரீதம் இல்ல. 2022ல வந்த விதிப்படி வார்டு குழுவும், வார்டுக்குள்ள ஒவ்வொரு பகுதி மக்களும் கூடுற பகுதி சபையும் இருக்கு. வசூல் இவ்வளவு, செலவு இவ்வளவுன்னு ஒரு பக்கத் தாளை அங்க வைக்கட்டும்.

நடைபாதைக்காரன்:
விலையும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோ 2011 சோதனையில் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய தெருவில் 25 சென்ட் ஏற்றினார்கள், 60க்குக் கீழே போனால் இறக்கினார்கள். இங்கே செவ்வாய் காலை 20 போதும், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மாலை 60கூட ஆகலாம்.

கடைவாசல்:
தீபாவளிக்கு 60ஆ! வருஷத்துல கடை ஓடுறதே அந்த மூணு வாரம்தான்.

நடைபாதைக்காரன்:
அந்த மூன்று வாரத்தில்தான் ஒரு கார் காலையிலிருந்து இரவுவரை உங்கள் வாசலை அடைத்து நிற்கிறது. அதில் பாதி, கடை ஊழியர்களுடையதும் முதலாளிகளுடையதும்.

கடைவாசல்:
அது உண்மைதான், மறுக்கல. டூ வீலர் கணக்கும் சரி, அதோட கட்டணத்தை 5லேர்ந்து 3 ஆக்குங்க. கார் 40க்கு நான் சண்டை போடல. ஆனா லிஃப்ட் ரெண்டு கூடுதலா போட்டு, உள் தெருவுக்கு ஸ்டிக்கர் குடுத்த பிறகு. முன்னாடி இல்ல.

ரசீது எங்கே:
க்யூஆரும் அதுக்கு முன்னாடி.