சிறுவர் கையில் மூணு நம்பர் சீட்டு: லாட்டரித் தடை மட்டும் போதுமா?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
சென்ற வாரம் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு விழுந்தது. மூன்று இலக்கங்களும் ஒரு தொகையும் மட்டுமே அதில் இருந்தன. பள்ளிக்கு வரும் வழியிலுள்ள கடையில் மாமாவுக்காக எழுதி வாங்கியதாகவும், மீதிச் சில்லறையில் தனக்கும் ஒரு நம்பர் போட்டுக்கொண்டதாகவும் அவன் தயங்காமல் சொன்னான். கேரள லாட்டரியின் குலுக்கல் பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கிறது. முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்தே இங்கே பணம் கைமாறுகிறது. கடைசிப் பாடவேளையில் அந்தப் பிள்ளையின் மனம் வகுப்பில் இருந்திருக்காது. தமிழகத்தில் 2003 ஜனவரியிலேயே லாட்டரி தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கி, அப்படிச் செய்யும் கடையின் உரிமத்தையே ரத்து செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ராயபுரம் வாசகர்:
அம்மா, தங்கள் கவலை எனக்கும் உண்டு. தாங்கள் சொல்லும் தீர்வை மட்டும் ஏற்க இயலவில்லை. மறைவாக விற்பவனுக்குப் பெரியவர், சிறியவர் என்ற பேதம் எதற்கு? அவனிடம் பறிப்பதற்கு லாட்டரி உரிமம் என்று ஒன்று இல்லவே இல்லை. பிரிட்டனில் 1994இல் தேசிய லாட்டரி தொடங்கியபோது 16 வயது நிரம்பியவர்கள் சீட்டு வாங்கலாம் என்றிருந்தது. 2021இல் அதை 18 ஆக உயர்த்தினார்கள். அங்கே விற்பனை வெளிச்சத்தில் நடப்பதால், இளவயதுத் தோற்றமுள்ளவர்களைக் கடைக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்க முடிகிறது. இங்கும் 1968 முதல் அரசே பரிசுச்சீட்டு நடத்தியதுதானே? கடுமையான வயது வரம்போடு அதை மீண்டும் அனுமதித்தால், விற்பவருக்கு இழப்பதற்கு ஏதேனும் இருக்கும்.

கொருக்குப்பேட்டை மளிகைக்காரர்:
இருபது ஆண்டுகளாகக் கடை நடத்துபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சிகரெட் சட்டப்படி விற்கப்படும் பொருள்; 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் சொல்கிறது. வாங்கியவர் சிறுவர் அல்லர் என்று நிரூபிக்கும் பொறுப்பும் விற்றவருடையதே. ஆனால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய்! கல்லாவிலிருந்து அதை எடுத்துக் கட்டிவிட்டு அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். வயது வரம்பு வெளிச்சத்தில் வேலை செய்யும் என்று ராயபுரம் நண்பர் நம்புவதற்கு, எங்கள் தெருவில் ஆதாரம் இல்லை.

ராயபுரம் வாசகர்:
அண்ணாச்சி, அது அபராதத் தொகையின் குறை. வயது வரம்பின் குறை அன்று. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு, குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அந்தப் பிரிவில் சூதாட்டச் சீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
அந்தத் திருத்தத்தை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் லாட்டரியைத் திரும்பக் கொண்டுவருவதை ஒருபோதும் ஏற்க மாட்டேன். தினக்கூலியை முழுதாகச் சீட்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய அப்பாக்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வீடுகளில் அடுப்பு எரியாத நாள்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. மேலும், அந்த மாணவன் சீட்டு வாங்கப் பழகியது மாமாவுக்காகத்தான். கடையில் அடையாள அட்டை கேட்டாலும், "மாமா வாங்கி வரச் சொன்னார்" என்ற ஒரு வாக்கியத்தில் அந்தக் கட்டுப்பாடு முடிந்துபோகும்.

கொருக்குப்பேட்டை மளிகைக்காரர்:
உண்மைதான் அம்மா, அந்த வாக்கியத்தை நாள்தோறும் கேட்கிறேன். பீடிக்கட்டு கேட்டு வரும் பிள்ளையை, "சொன்னவரையே வரச் சொல்" என்று திருப்பி அனுப்புவதை இரண்டு ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். அதனால் சில குடும்பங்கள் மாதக் கணக்கை முடித்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டன. எதிர்க் கடையிலும் இதே பதில் கிடைத்திருந்தால் அவர்கள் வேறு எங்கே போயிருப்பார்கள்? ஆகவே அடுத்த வாரம் எங்கள் தெரு வியாபாரிகள் கூடும்போது பீடி, சிகரெட், நம்பர் சீட்டு மூன்றையும் சேர்த்தே பேசப் போகிறேன். தாங்களும் வந்து அந்தத் துண்டுச்சீட்டைக் காட்டினால், நான் சொல்வதைவிட அவர்கள் கூர்ந்து கேட்பார்கள்.