மோரிஸ் மைனரில் இறுகிப்போன பிளக்: கழற்ற வழி சொல்லுங்கள்

அண்ணாமாரே, ஓர் உதவி. மாமாவின் மோரிஸ் மைனர் 1000 கார் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக நெடுங்காலம் ஓடாமல் நின்றது. உப்புக் காற்று சும்மா இருக்குமா? எஞ்சினின் மூன்று ஸ்பார்க் பிளக்குகள் கழன்றுவிட்டன. நான்காவது அசையவே மறுக்கிறது. எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) நட்டுகளும் துருவோடு ஒட்டிக் கிடக்கின்றன.

துரு கரைக்கும் எண்ணெயை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டேன். ஆறுமுகச் சாக்கெட்டைத்தான் பயன்படுத்துகிறேன். பன்னிரண்டு முகமுள்ளது விளிம்பை வழித்துவிடும். சற்று இறுக்கி, பிறகு தளர்த்தியும் பார்த்தாயிற்று. நீளக் குழாய் மாட்டித் திருகினால் பிளக் முறிந்து, மரை உள்ளேயே தங்கிவிடும் என்ற பயம்.

இனிச் சூடாக்கித்தான் தளர்த்த வேண்டும்போல. சிலிண்டர் ஹெட் (பிளக்குகள் பொருந்தியிருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) வார்ப்பிரும்பு என்பதால் சூடு தாங்கும். ஆனால் மேனிஃபோல்டுக்கு மேலேயே பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர். பெற்றோல் இருக்கும் இடத்தில் தீச்சுடரா? கார்புரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் சூடாக்கினால் போதுமா, பெற்றோல் தாங்கியையும் இறக்க வேண்டுமா?

கராஜில் கேட்டால், "எஞ்சினையே மாற்றுங்கள்" என்கிறார்கள். அதற்கு நான் தயாரில்லை. பஞ்சிகாவத்தைப் பக்கம் முறிந்த ஸ்டட் (நட்டு மாட்டும் மரையாணி) எடுக்கும் பொறுமையான கைகாரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். புதிய பித்தளை நட்டுகள் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.