ஆர்ட்டூ-டீட்டூ கேக்குக்கு ஃபாண்டன்ட் வேண்டுமா, பட்டர்கிரீம் போதுமா?

சர்க்கரைச்சிற்பி:
ஸ்டார் வார்ஸ் திரைப்பட ரசிகர்களுக்கான கேக்கை, வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பட்டர்கிரீமிலேயே முடித்துவிடும் வழக்கம் வீட்டு பேக்கர்களிடையே பெருகிவருவதில் எனக்கு உடன்பாடில்லை. 1977இல் வெளிவந்த முதல் படத்திலிருந்தே அத்தொடரின் பாத்திரங்கள் வடிவத்தாலேயே மனத்தில் பதிந்தவை. வெள்ளை உருளை உடலும், வெள்ளியும் நீலமும் கலந்த அரைக்கோளத் தலையும், உடலில் அளவெடுத்துப் பதித்த நீலக் கட்டங்களும் சேர்ந்ததே ஆர்ட்டூ-டீட்டூ என்ற ரோபோ. அந்தக் கட்டங்களை, மாவுபோல் தேய்த்து விரிக்கும் சர்க்கரைப் பசையான ஃபாண்டன்டில் வெட்டி ஒட்டினால்தான் விளிம்பு கூர்மையாக நிற்கும். கிரீமைப் பிழிந்து வரைந்தால் வெயிலில் வைத்த பொம்மைபோல் ஆகிவிடும்.

வெண்ணெய்க்கட்சி:
கேக் வெட்டிய பிறகு தட்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? நான் செய்து கொடுத்த ஒவ்வொரு பிறந்தநாளிலும் குழந்தைகள் கிரீமை நக்கிவிட்டு, ஃபாண்டன்டைத் தோல்போல உரித்து ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். உடலைக் குளிரவைத்த பட்டர்கிரீமால் மழமழவென்று பூசி, நீலக் கட்டங்களை மட்டும் ஃபாண்டன்டில் வெட்டி ஒட்டினால் உங்கள் கூர்மையும் கிடைக்கும், ருசியும் கெடாது.

சர்க்கரைச்சிற்பி:
ஆர்ட்டூவுக்கு அது பொருந்தலாம். அத்தொடரின் வில்லன் டார்த் வேடரின் கறுப்புத் தலைக்கவசத்துக்கு என்ன செய்வீர்கள்? வெள்ளைக் கிரீமைக் கறுப்பாக்க வேண்டுமானால் சாயத்தைக் கொட்ட வேண்டும். கிரீம் கசக்கும், விருந்தினர் பற்களெல்லாம் கறுக்கும். கடையில் கறுப்பாகவே விற்கும் ஃபாண்டன்டை வாங்கினால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

வெண்ணெய்க்கட்சி:
வெள்ளையிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? கோகோ சேர்த்த அடர்பழுப்புக் கிரீமில் சிறிது கறுப்புச் சாயம் கலந்து, ஓரிரவு மூடிவைத்தால் நிறம் தானாகவே ஆழமாகிவிடும். கறுப்பு ஃபாண்டன்டைச் சோளமாவு தூவித் தேய்த்து, வேடரின் முகமெல்லாம் வெள்ளைத் திட்டுகளோடு நின்ற கேக்குகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரைச்சிற்பி:
அது தேய்த்தவரின் பிழை, ஃபாண்டன்டின் பிழையன்று. கறுப்புக்கு மாவு ஆகாது; பலகையில் சிறிதளவு வெள்ளைத் தாவரக் கொழுப்பைத் (ஷார்ட்டனிங்) தடவித் தேய்க்க வேண்டும்.

இரவடுப்பு:
இருவரும் காற்றின் ஈரத்தை மறந்துவிட்டு வாதாடுகிறீர்கள். நான் கடலோர ஊரில் இருப்பவள். சென்ற ஆண்டு, ஃபாண்டன்ட் போர்த்திய, டெத் ஸ்டார் என்ற விண்வெளிக் கோட்டை உருண்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேரே மேசையில் வைத்தேன். அரைமணி நேரத்தில் வியர்த்து, நடுவில் நான் பொறுமையாகக் கீறியிருந்த அகழியில் நீர் தேங்கி, சாம்பல் சாயம் பலகைவரை வழிந்துவிட்டது. இப்போதெல்லாம் அட்டைப்பெட்டியில் மூடியபடியே அறைவெப்பத்துக்கு வரவிட்டு, பிறகுதான் திறக்கிறேன். பட்டர்கிரீமும் இங்கே நெடுநேரம் தாங்காது என்பதை வெண்ணெய்க்கட்சியார் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆர்ட்டூவின் தலைக்கு வெள்ளிப் பொடி பூசுவோருக்கு ஒரு வார்த்தை: டப்பாவில் 'நச்சற்றது' என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை உண்ணலாம் என்று பொருளல்ல. உண்ணத்தக்கது என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

வெண்ணெய்க்கட்சி:
வெயிலில் வெண்ணெய் இளகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அக்கா. ஆனாலும் தலையைப் பற்றிய கேள்வி இருக்கிறது. கேக்கையே அரைக்கோளமாகச் செதுக்கி மேலே வைத்தால், அந்தப் பாரத்தில் கீழ்உடல் பிதுங்குகிறது.

சர்க்கரைச்சிற்பி:
பொரியை உருக்கிய மார்ஷ்மெல்லோ மிட்டாயில் பிசைந்து உருட்டி, அதன்மேல் ஃபாண்டன்டைப் போர்த்துங்கள். எடை குறைவு. உடலுக்குள் நான்கு தாங்குகுச்சிகளைச் செருகி, அவற்றின்மேல் ஓர் அட்டையை வைத்துத் தலையை அமர்த்தினால் அசையாது.

வெண்ணெய்க்கட்சி:
பொரித்தலையையும் சேர்த்து நிறுத்தா கிலோக்கணக்கில் விலை சொல்கிறீர்கள்?

சர்க்கரைச்சிற்பி:
இல்லை. தலை எடையில் சேராது. அதற்கான மூன்று மணி நேர வேலையைக் கூலியாகத் தனியே எழுதி, முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன்.