மறு: சிஸ்டமிக் சூப்பர்விஷனுக்குத் தமிழ் – ‘உடன்நோக்கு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

உளவள ஆலோசகர் ஒருவர், உதவி தேடி வருபவரோடு நடந்ததை, சுற்றியுள்ள உறவுகளையும் சேர்த்து, அனுபவமுள்ள இன்னொருவரோடு பேசிப் பார்ப்பதுதான் சிஸ்டமிக் சூப்பர்விஷன். அதற்கு நம் குழுவில் ஐயா முன்வைத்த ‘அமைப்புசார் மேற்பார்வை’ என்ற சொல்லைக் கோத்தகிரியில் எங்கள் ஆலோசகர் பயிற்சிக் கூட்டத்தில் மூன்று வாரம் புழங்கிப் பார்த்தோம். இரண்டு பாதியும் இடறுகின்றன.

‘அமைப்பு’ என்றதும் இங்கே தொண்டு நிறுவனம்தான் நினைவுக்கு வருகிறது. “எந்த அமைப்புலருந்துக்கா வர்றாங்க?” என்று ஒரு தங்கை கேட்டாள்.

‘மேற்பார்வை’ அதைவிடச் சிக்கல். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு சூப்பர்வைசர் என்றால் கொழுந்து எடை போடும் இடத்தில் நிற்பவர், முற்றின இலை கலந்திருந்தால் திட்டுபவர். போன வாரம் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் பயிற்சிக்கு வந்த பெண் குறிப்பேட்டில் ஒரு வரியைக் கையால் மறைத்துக்கொண்டார். தேநீர் வேளையில்தான் காட்டினார், உதவி தேடி வந்த ஓர் அம்மாவைப் பற்றிய வரி: “அந்தம்மா அழுதப்ப எழுந்து போயிடணும்னு இருந்துச்சு.” (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அன்று நாங்கள் பேச வேண்டியிருந்ததே அந்த ஒரு வரியைத்தான்.

சிஸ்டமிக் பார்வையில் பார்ப்பவரும் படத்துக்குள் இருக்கிறார். உதவி தேடி வந்தவர், அவர் குடும்பம், ஆலோசகர், சூப்பர்வைசர் எல்லோரும் ஒருவரையொருவர் அசைக்கிறார்கள். சிகிச்சையாளருக்கும் நோயாளிக்கும் இடையில் நடப்பது சூப்பர்விஷனிலும் மறுபடி தலைகாட்டும் என்று அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஹரோல்டு சேர்ல்ஸ் 1955-லேயே எழுதினார். சூப்பர்விஷனை ஏழு கோணங்களில் பார்க்கச் சொல்லும், ஹாக்கின்ஸும் ஷோஹெட்டும் நூலாக்கிய ‘ஏழு கண்’ மாதிரியில் ஆறாவது கண், சூப்பர்வைசர் தன்னையே பார்ப்பதற்கு. ‘மேல்’ என்று ஏற்றி நிறுத்திவிட்டால் அந்தக் கண் எங்கே திறக்கும்?

அதனால் ‘உடன்நோக்கு’ என்கிறேன். ‘துணைநோக்கு’ம் யோசித்தேன், ஆனால் துணைநோக்கர் என்றால் துணை ஆட்சியர் மாதிரி அடுத்தபடிப் பதவியாகக் கேட்கிறது. புணர்ச்சிப்படி ‘உடனோக்கு’ என்றாக வேண்டும், அதில் ‘உடன்’ மறைந்துபோகும்; புணர்க்காமலே எழுதலாம். சிஸ்டமிக்குக்கு ‘உறவுவலை’. சேர்த்தால் ‘உறவுவலை உடன்நோக்கு’.

கூடலூர் அக்கா எழுப்பிய மறுப்பு நியாயமானது. வந்தவரின் உயிருக்கு ஆபத்து என்றால் சூப்பர்வைசர் குறுக்கிட்டே ஆக வேண்டும், ‘உடன்’ அந்தப் பொறுப்பைக் கரைத்துவிடக் கூடாது. பொறுப்பும் மதிப்பீடும் பேசும் இடத்தில் ‘மேற்பார்வை’யே இருக்கட்டும், ஆலோசனையில் நடந்ததை விரித்துவைத்துப் பேசும் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ‘உடன்நோக்கு’.

சூப்பர்வைசிக்குத்தான், அதாவது சூப்பர்விஷன் பெறும் ஆலோசகருக்குத்தான், சொல் அகப்படவில்லை. ‘உடன்நோக்கப்படுபவர்’ என்றால் அந்தப் பெண்ணை மறுபடி எடைத்தட்டில் ஏற்றுகிற மாதிரி இருக்கிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.