"ஆட்சேபம்" என்று ஒருவர் சொன்னால் ஒரு மசோதா நின்றுவிட வேண்டுமா? (கிறிஸ்டோபர் சோப் பற்றி)

தேம்ஸ்கரையான்:
டோர்செட் கடலோரத்தில் உள்ள கிறைஸ்ட்சர்ச் தொகுதிக்கு 1997 முதல் எம்.பி.யாக இருப்பவர் சர் கிறிஸ்டோபர் சோப். கன்சர்வேடிவ் கட்சி, அமைச்சர் பதவி இல்லாத பின்வரிசை உறுப்பினர். பிரிட்டனில் இவர் பெயர் பரவியது நீண்ட உரைகளால் அல்ல. ஒரே ஒரு சொல்லால்: "ஆட்சேபம்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2018 ஜூன் 15, வெள்ளிக்கிழமை. பெண்களின் பாவாடைக்கு அடியில் கேமராவை நீட்டிப் படம் எடுப்பதைத் தனிக் குற்றமாக்கும் மசோதா காமன்ஸ் சபைக்கு (கீழவைக்கு) வந்தது. முந்தைய ஆண்டு லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த இசை விழாவில் ஜினா மார்ட்டின் என்ற பெண்ணுக்கு அந்தக் கொடுமை நடந்தது. ஸ்காட்லாந்தில் 2010-லேயே இதைக் குற்றமாக்கிவிட்டார்கள், இங்கிலாந்தில் அப்போது அதற்கென்று தனிச் சட்டம் இருக்கவில்லை. ஜினா கையெழுத்து இயக்கம் நடத்தினார். பாத் தொகுதி எம்.பி. வேரா ஹோப்ஹவுஸ் அதைத் தனிநபர் மசோதாவாக, அதாவது அரசாங்கம் அல்லாமல் ஒரு உறுப்பினர் தானே முன்வைக்கும் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசாங்கமும் ஆதரித்தது. பிற்பகல் 2.30-க்கு மசோதாவின் தலைப்பை வாசித்ததும் சோப் "ஆட்சேபம்" என்றார். மற்ற உறுப்பினர்கள் "வெட்கம்" என்று கத்தினார்கள். ஆனாலும் அன்றைக்கு அது நின்றுபோனது.

அதே நாளில் போலீஸ் நாய்களையும் குதிரைகளையும் தாக்குவோருக்கு எதிரான மசோதாவையும் நிறுத்தினார். அதற்கு முன்பு 2013-ல், ஓரினச்சேர்க்கைக்காகத் தண்டிக்கப்பட்ட கணினி முன்னோடி ஆலன் டூரிங்குக்கு மன்னிப்பு வழங்கும் மசோதா. அப்புறம் 2019 பிப்ரவரியில், பெண் உறுப்புச் சிதைப்பு ஆபத்தில் இருக்கும் சிறுமிகளைக் காப்பாற்றக் குடும்ப நீதிமன்றங்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் மசோதா. எல்லாவற்றுக்கும் அதே சொல்.

இதை விவாதத்தில் பங்கேற்பது என்று என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முகவைக் குமரன்:
மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

தனிநபர் மசோதாக்களுக்கு ஒரு கூட்டத்தொடரில் 13 வெள்ளிக்கிழமைகள்தான். காலை 9.30-க்குத் தொடங்கி 2.30-க்கு விவாதம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பட்டியலில் மிச்சமிருக்கும் மசோதாக்களின் தலைப்பை மட்டும் வரிசையாக வாசிப்பார்கள். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் ஒரு வார்த்தை பேசாமலே இரண்டாம் வாசிப்பு, அதாவது மசோதாவின் நோக்கத்தை அவை ஏற்கும் கட்டம், நிறைவேறிவிடும். சிறைத் தண்டனை விதிக்கும் ஒரு குற்றத்தை இப்படிச் சட்டப் புத்தகத்தில் ஏற்றலாமா என்பதுதான் சோப் எழுப்பிய கேள்வி. அந்தச் செயலைத் தடை செய்வதை முழுமனதோடு ஆதரிப்பதாக அவரே சொன்னார்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. 2.30-க்கு அதிகமாக "ஆட்சேபம்" சொல்வது சோப் அல்ல, அரசாங்கக் கொறடா. தனக்குப் பிடிக்காத மசோதாக்களை அரசு வாரா வாரம் அப்படித்தான் முடக்குகிறது. அப்போது எந்த நாளிதழும் தலைப்புச் செய்தி போடுவதில்லை.

விளைவைப் பாருங்கள். ஒரே வாரத்தில் அரசாங்கம் தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் அவையில் நல்ல விவாதம் நடந்தது. பெண் வெறுப்பால் நடக்கும் குற்றங்களைப் பற்றி ஸ்டெல்லா கிரீசி எம்.பி. ஒரு திருத்தம் கொடுத்தார், வெறுப்புக் குற்றச் சட்டங்களை ஆராயும் பொறுப்பு சட்ட ஆணையத்துக்குப் போனது. 2019 பிப்ரவரி 12-ல் அரச ஒப்புதல். சட்டம் வரவும் செய்தது, பேசப்படவும் செய்தது.

நிலா_ஆர்:
குமரன் அண்ணா, ஒரு இடத்தில் தவறு செய்கிறீர்கள். இரண்டாம் வாசிப்பு பேச்சில்லாமல் நிறைவேறினால் மசோதா சட்டமாகிவிடாது. அதற்குப் பிறகு குழுவில் வரிவரியாகப் பார்ப்பார்கள், திரும்ப அவைக்கு வரும், மூன்றாம் வாசிப்பு இருக்கிறது, பிரபுக்கள் சபை இருக்கிறது. கிரீசி கொடுத்த திருத்தத்தை ஹோப்ஹவுஸ் மசோதாவுக்கும் கொடுத்திருக்கலாம். நீங்கள் சொன்ன நல்ல விவாதம் சோப் தந்த கொடை அல்ல.

சிறுமிகளைக் காக்கும் மசோதாவைப் பாருங்கள். அது பிரபுக்கள் சபையில் ஏற்கனவே விவாதிக்கப்பட்டு வந்தது. அதன் பொருள் ஒரு பத்தியில் அடங்கும். அதற்கும் "ஆட்சேபம்". அரசாங்கம் தன் நேரத்தைக் கொடுத்து ஐந்தே வாரத்தில், மார்ச் 15-ல், சட்டமாக்கியது. அரசுக்கு மனம் இருந்ததால் தப்பித்தது. மனம் இல்லாத மசோதாக்களின் கதி என்ன?

கடலூர்_கண்ணன்:
ஜூன் 15-க்கு வேறொரு பக்கமும் இருக்கிறது. அன்று காலை முழுக்க ஓடியது மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளை வலுக்கட்டாயமாக அடக்குவதைக் கட்டுப்படுத்தும் மசோதா. அதில் பிலிப் டேவிஸ் என்ற எம்.பி. மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அடுத்த மசோதாவுக்கு நேரமே மிஞ்சவில்லை. நேரத்தையும் தின்றுவிட்டு, "விவாதம் நடக்கவில்லையே" என்று ஆட்சேபிப்பது எப்படி நியாயம்?

முகவைக் குமரன்:
கண்ணன், நீளமாகப் பேசியவர் டேவிஸ். சோப்பின் தலையில் அதையும் கட்டாதீர்கள்.

கடலூர்_கண்ணன்:
அப்படியானால் 2014 நவம்பர் 28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பழுது பார்க்கச் சொன்ன வாடகைதாரரைப் பழிவாங்கக் காலி செய்யச் சொல்வதைத் தடுக்கும் மசோதா, சாரா டீதர் எம்.பி. கொண்டுவந்தது. டேவிஸும் சோப்பும் பேசிப் பேசியே நேரத்தை முடித்தார்கள். விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போக வேண்டுமென்றால் 100 பேர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அத்தனை பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். மசோதா செத்தது. இதில் அவர் ஆட்சேபம் சொல்லவில்லை, பேசினார். பேசாமல் நிறைவேறக் கூடாது என்று சொல்பவர், பேசியே நிறைவேறாமல் செய்தார்.

பொன்மாலை:
நான் இந்த விவாதத்துக்குள் வர நினைக்கவில்லை. கண்ணன் தம்பி வாடகை மசோதாவைச் சொன்னதால் எழுதுகிறேன்.

அந்த வருடம் கிழக்கு லண்டனில் ஓர் அறை, ஒரு சமையலறை வீட்டில் இருந்தோம். குளிர்காலத்தில் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. மகனுக்கு இரண்டு வயது, ராத்திரி பூராவும் இருமுவான். வீட்டுக்காரரிடம் மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை எழுத்தில் கொடுத்தேன். பத்து நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பிரிவு 21 என்பார்கள், அப்போது காரணமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு மாத அவகாசம்.

அந்த மசோதா அன்று தப்பியிருந்தாலும் எனக்கு உதவியிருக்காது, காலம் தாண்டிவிட்டது. ஆனாலும் அன்று மாலை செய்தியில் பார்த்துக்கொண்டு பெட்டி கட்டியது நினைவிருக்கிறது. அடுத்த வருடம் அரசாங்கம் வேறொரு பெரிய சட்டத்துக்குள் இதைச் சேர்த்தது. மாநகராட்சி பழுதுபார்க்க உத்தரவு போட்டால் ஆறு மாதத்துக்கு அந்த நோட்டீஸ் செல்லாது என்றானது. 2015 அக்டோபரிலிருந்து, அதுவும் புதிய ஒப்பந்தங்களுக்குத்தான் முதலில் அமலுக்கு வந்தது. நடுவில் போன மாதங்களில் எத்தனை வீடுகளில் பெட்டி கட்டினார்களோ.

முகவைக் குமரன்:
பொன்மாலை அக்கா, படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த வெள்ளிக்கிழமையை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. சிறுமிகளுக்கான மசோதாவிலும் நிலா சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலவையில் பேசப்பட்டு வந்ததை அவர் விட்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்த மனிதரை முழுதாகப் பாருங்கள் என்று கேட்கிறேன். கோவிட் தடுப்பூசியால் அரிதாகப் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2021-லிருந்து விடாமல் பேசியவர் சோப். 1979-ம் வருடச் சட்டப்படி அவர்களுக்கு ஒருமுறைத் தொகையாக 1,20,000 பவுண்ட், அதுவும் 60 சதவீத ஊனம் என்று நிரூபித்தால் மட்டும். 59 சதவீதம் என்றால் ஒன்றும் இல்லை. தடுப்பூசி எதிர்ப்பாளன் என்ற பழி வரும் என்று பலர் தொடத் தயங்கிய விஷயம். ஒரு வெள்ளிக்கிழமை விட்டு இன்னொரு வெள்ளிக்கிழமை அதைச் சபைக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம் 2021 நவம்பர். காசு வாங்கிக்கொண்டு நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசிய கன்சர்வேடிவ் எம்.பி. ஓவன் பாட்டர்சனைக் காப்பாற்றச் சோப்பின் சொந்தக் கட்சி அரசாங்கமே 250-க்கு 232 என்று வாக்களித்து, எம்.பி.க்களின் ஒழுங்கு மீறலை விசாரிக்கும் நடைமுறையை மாற்றப் பார்த்தது. நாடு கொதித்ததும் பின்வாங்கியது. 15-ம் தேதி இரவு, விவாதம் இல்லாமல் அந்த முடிவை ரத்து செய்யத் தீர்மானம். சோப் எழுந்து "ஆட்சேபம்" என்றார். கட்சிக்காரர்களே எரிச்சலானார்கள். மறுநாள் பகலில் முழு அவையும் அதைப் பேசியே தீர வேண்டியதாயிற்று. அதே சொல்தான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தேம்ஸ்கரையான்:
குமரன், நல்ல கேள்வி. பாட்டர்சன் விஷயத்தில் சோப் செய்தது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் அந்த உதாரணமே என் கவலையை எனக்குத் தெளிவாக்கியது. அரசாங்கத்தின் தீர்மானத்துக்கு "ஆட்சேபம்" சொன்னால் மறுநாள் விவாதம் நடக்கும், ஏனென்றால் அவையின் நேரம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, மறுநாள் என்று ஒன்று இருக்கிறது. தனிநபர் மசோதா கொண்டுவரும் வாய்ப்புக்கான குலுக்கலில் பெயர் வந்து, மாதக்கணக்கில் ஆதரவு திரட்டி வெள்ளிக்கிழமைக்கு வரும் ஒரு பின்வரிசை உறுப்பினருக்கு மறுநாள் கிடையாது. இன்னொரு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுவார்கள், அன்றும் பட்டியலின் கடைசியில் நிற்கும், அன்றும் 2.30 அடிக்கும். முதல் இடத்தில் அந்தச் சொல் விவாதத்தைக் கொண்டுவருகிறது. இரண்டாவது இடத்தில் விவாதமும் இல்லை, சட்டமும் இல்லை. சோப் பல வருட அனுபவம் உள்ளவர், இது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் பெயரிலேயே ஏகப்பட்ட மசோதாக்கள் அந்தப் பட்டியலில் காத்துக் கிடந்திருக்கின்றன.

நிலா_ஆர்:
கொலைக்கு மரண தண்டனையை நிறுத்திய 1965 சட்டம் சிட்னி சில்வர்மேனின் தனிநபர் மசோதா. 1967-ன் கருக்கலைப்புச் சட்டம் டேவிட் ஸ்டீல் கொண்டுவந்தது. அவற்றுக்கு அன்றைய அரசு நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. அரசு நேரம் தராத மசோதாவுக்கு இந்த 13 வெள்ளிக்கிழமைகளை விட்டால் வேறு வாசல் இல்லை.

தேம்ஸ்கரையான்:
அதனால் விதியை மாற்றச் சொல்கிறேன். ஒருவர் போதாது, பத்துப் பேராவது எழுந்து நின்றால்தான் ஆட்சேபம் செல்லும் என்று வையுங்கள். உண்மையான எதிர்ப்பு இருந்தால் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

முகவைக் குமரன்:
யாருக்குக் கிடைப்பார்கள்? கொறடாவுக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தியில் பத்துப் பேர் கிடைப்பார்கள். பொன்மாலை அக்காவைப் போன்றவர்களுக்கான மசோதாவை அரசு நிறுத்த நினைத்தால் உங்கள் விதி தடுக்காது. நவம்பர் 15 இரவு தன் கட்சிக்கே எதிராகத் தனியாக எழுந்தவருக்குத்தான் அந்தப் பத்துப் பேர் கிடைத்திருக்க மாட்டார்கள்.

கடலூர்_கண்ணன்:
அப்படியென்றால் தனிநபர் மசோதாக்களுக்கு மட்டும் பத்துப் பேர் என்று வையுங்கள், அரசாங்கத் தீர்மானங்களுக்கு ஒருவரே போதும்.

முகவைக் குமரன்:
அதை நான் யோசிக்க வேண்டும். கொறடாவின் பத்துப் பேருக்கு அதில் என்ன வழி என்று நீங்களும் யோசியுங்கள்.